சொந்தப் பேரில் ஒரு இன்ஜினியர்

— அப்ப என்னைய எந்தப் பட்டியல்லங்க சார் எழுதியிருக்கீங்க? ஆளுகளோடயா, சாமானோடயா?

— சாமானோடதான் கண்ணு. தப்பா நெனச்சுக்காத. வேன்ல போறதுக்கெல்லாம் ஒரே சீட்டு. தீயணைப்பு சிலிண்டர் எட்டு, முதலுதவிப் பொட்டி ஒண்ணு, குழந்தைகள் காப்பகத்துக்குப் பொம்மை ஒரு மூட்டை, இன்ஜினியர் ஒண்ணு.

— ஒண்ணுங்களா.

— அடுத்த தடவ ஒருத்தர்னு எழுதிப் போடறேன். உன்ற கால இந்தப் பக்கமா நகத்திக்க. பிரேக் போட்டா சிலிண்டர் உருண்டு வந்து பாதத்துல உழுந்துரும்.

— நேத்து சோமனூர்ல மாட்டுனதும் இதே எட்டுத்தானுங்களே மோகன்ராஜ் சார்.

— இதேதான். லிங்கசாமி முதலாளிக்கு ரெண்டு யூனிட்டு, அவுரு மச்சினருக்கு ஒண்ணு, பெரியப்பா பையனுக்கு ஒண்ணு. நாலு யூனிட்டுக்கும் சேத்து எட்டு சிலிண்டரு, ஒரு இன்ஜினியரு. நம்ம பனியன வாங்கற வெளிநாட்டு பையரோட ஆடிட்டர் எங்க வர்றாரோ அங்க இந்த வேன் போகும். வருசத்துல மூணு நாள் தேவப்படற சாமானுக்கு நாலு பேரும் தனித்தனியாவா வாங்குவாங்க?

— கம்ப்ளையன்ஸ் ஹெட்டு நீங்களே வேன் ஓட்டறீங்களே சார்.

— ஹெட்டுன்னா அல்லாத்துக்கும் ஹெட்டு. டிரைவர் லீவு.

— போன மாசமும் லீவுன்னீங்க.

— நீட்டமான லீவு. உட்டுத் தள்ளு. நீ மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கற தரணி? சேந்து எட்டு மாசம். அதுக்குள்ள நல்லூர்ல குவாலிட்டி மேனேஜரு, சோமனூர்ல சேஃப்டி ஆபீசரு, மச்சினர் யூனிட்டுல புரொடக்‌ஷன் ஹெட்டு. உன்ற கூடப் படிச்ச புள்ளைக இன்னும் ட்ரெய்னின்னு கழுத்துல அட்டையத் தொங்க உட்டுட்டுத் திரியுதுக. இத்தனை வேகமா வளந்த கேரியர நான் பாத்ததே இல்ல.

— எட்டு மாசத்துல ஒரு ஸ்க்ரூட்ரைவரத் தொட்டதில்லீங்க சார்.

— மேல போகப் போக ஆரு தொடறாங்க? முதலாளி ஊசிய நூலத் தொட்டு இருவது வருசமாச்சு.

— ஆடிட் இல்லாத நாள்ல முதலாளி ஊட்டுப் பாப்பாவுக்கு கணக்குச் சொல்லிக் குடுக்கறனுங்க. அதுவும் கேரியருங்களா?

— அது முதலாளி உம்மேல வெச்சிருக்கற நம்பிக்கை. எனக்கெல்லாம் அந்த ஊட்டுல காப்பி ஹால்லதான். நீ டைனிங் டேபிள் வரைக்கும் போயிட்ட.

— சார், இன்னிக்குப் பேட்ஜுல என்ற பேருதானுங்களே?

— நூறு தடவ கேட்டுப்போட்ட. இந்தா, நீயே பாரு.

— தரணி. பி.இ. எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்.

— லேமினேசன் பண்ணி, ஓரத்த வட்டமா வெட்டி. போட்டோவுல கூட நீதான்.

— மத்த மூணு எடத்துலயும் எனக்கு முன்னாடி வந்துட்டுப் போன பொண்ணுக பேருங்க. பைல்ல ஏறுன பேர மாத்த முடியாதுன்னு சொல்லிப்போட்டீங்க. ஒரு நாளு நல்லூர் பேட்ஜக் கழட்ட மறந்து ஊட்டுக்குப் போயிட்டேன். எங்கம்மா கையில எடுத்துப் பாத்துட்டு, தேஜஸ்ரீங்கறது ஆரு கண்ணுன்னு கேட்டாங்க. பிரெண்டோடது, மாறிருச்சுன்னு சொன்னனுங்க.

— அதான் இன்னிக்கு உன்ற பேரப் போட்டாச்சில்ல.

— சர்டிபிகேட்டுங்க சார்?

— ஆடிட் பாஸ் ஆச்சுன்னா சாயந்தரமே எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட். முதலாளியே சொல்லிப்போட்டாரு. தரணி என்பவர் எங்கள் நிறுவனத்தில் மின் பராமரிப்புப் பொறியாளராகன்னு டைப் அடிச்சு, முத்திரை வெச்சு, கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

— திங்கக்கிழமை உடுமலையில இன்டர்வியூங்க. காத்துல கரண்டு எடுக்கற காத்தாடி கம்பெனி. அவங்க பேப்பர மட்டும் பாக்க மாட்டாங்க, கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிப்பாங்க. ஒரு எடத்துல, ஒரு பைல்லயாச்சும், தரணின்னு ஒரு இன்ஜினியர் இருந்தாங்கன்னு இருக்கோணும். எனக்கு அது போதுமுங்க.

— இருக்கும். இருக்கறதென்ன, நெம்பவே இருக்கும். ஆனா ஒண்ணு. கான்பிடன்ஸ். ஆடிட்டர் கேள்வி கேட்டா நீ தரையப் பாக்கற. சோமனூர்ல தரையப் பாத்துப் பாத்து, அந்த ஆளும் தரையில என்னமோ இருக்குதுன்னு குனிஞ்சு பாத்துட்டாரு.

— காலேஜுலயே அப்படித்தானுங்க. கேம்பஸ்ல ரெண்டு கம்பெனி அதனாலயே போச்சு.

— நான் கோயமுத்தூர்ல ஓட்டல்ல ரெண்டு நாள் கேம்ப்புப் போயிட்டு வந்தனில்ல. கம்பெனி செலவு. அங்க ஒரு சூட்சுமம் சொன்னாங்க. எதுக்க நிக்கறவன் கண்ணப் பாக்க வேண்டியதில்ல. ரெண்டு புருவத்துக்கு நடுவால பாரு. அவன் கண்ணப் பாக்கறதா நெனச்சுக்குவான். அப்பறம் தெனமும் கண்ணாடி முன்னாடி நின்னு, என்னால் முடியும்னு இருவத்தோரு தடவ.

— நீங்க சொல்றீங்களா சார்?

— நான் சொல்றேன். முதலாளிகிட்டப் பேசும்போது மட்டும் இன்னும் ட்ரை பண்ணல. அங்க பாரு, பூண்டி வந்தாச்சு. சிற்பப் பட்டறைக்கு முன்னால ரோட்டோரமா எத்தனை கல்லுச் சாமி நிக்குது பாத்தியா?

— அதெல்லாம் ஏனுங்க வெயில்லயே நிக்குது?

— ஆர்டர் கேன்சலான சாமிக. கோயிலுக்குப் போயிருந்தா அபிசேகம். போகாததுனால மேல லுங்கி காயுது. அதுக்குத்தான் சொல்றேன், எங்க நிக்கறோம்கறது முக்கியம். எறங்கு. பொம்மை மூட்டைய நீ எடு, சிலிண்டர நான் பாத்துக்கறேன்.

— இதுதான் பேனல் ரூமுங்களா?

— இதுதான் இனிமே உன்ற ரூமு. உக்காரு. உனக்கு ஒரு சர்ப்ரைஸ் வெச்சிருக்கேன். இந்த ரிஜிஸ்டரப் பிரிச்சுப் பாரு.

— மாதாந்திர மின் பேனல் சோதனை. பிரேக்கர் வேலை செய்கிறது, எர்த் நன்று, சோதித்தவர் தரணி. சார், இது மூணு வருசத்துக்கு இருக்குது.

— முப்பத்தாறு மாசம். மாசத்துக்கு ஒரு கையெழுத்து. ரெண்டு நாளா உக்காந்து நானே போட்டேன். மூணு பேனா மாத்தினேன். நடுவுல ஒரு பக்கத்துல டீயச் சிந்தி காய வெச்சேன். ஆபீஸ் ரிஜிஸ்டர்னா ஒரு இயற்கை வேணுமில்ல?

— மூணு வருசத்துக்கு முன்னாடி நான் செகண்ட் இயருங்க.

— அதான் கண்ணு வளர்ச்சிங்கறது. படிக்கறப்பவே எக்ஸ்பீரியன்ஸ்.

— என்ற கையெழுத்து உங்களுக்கு எப்படீங்க தெரியும்?

— சம்பள வவுச்சர்ல பாத்தேன். சொன்னாத் தப்பா எடுத்துக்காத, நெம்பப் பயந்த கையெழுத்து அது. நான் கடைசியில ஒரு சுழி சேத்திருக்கேன். பாத்தா ஒரு அதிகாரி மாதிரி இருக்குது.

— கிழிச்சுப் போட்டுருங்க சார். பயமா இருக்குதுங்க.

— கிழிச்சா உனக்கு எட்டு மாசம்தான். காத்தாடிக்காரன் விளம்பரத்துல என்ன போட்டிருக்கான்? குறைஞ்சது ரெண்டு வருச அனுபவம். நீதான போன்ல காமிச்ச? உனக்காகத்தான் நான் கண்ணு வலிக்க எழுதினேன். ஆடிட்டருக்கு ஒரு வருச ரிஜிஸ்டரே போதும். இன்னும் பயமா?

— இல்லீங்க.

— கிழிக்கட்டுமா?

— வேண்டாமுங்க சார். இருக்கட்டும்.

— அது. புத்தி வந்திருச்சு. எங்க போற?

— நான்தான் இன்ஜினியருன்னா, ஒரு தடவையாச்சும் பேனலத் தொறந்து பாத்துக்கறனுங்க.

— தொறக்கறதுக்கு என்ன இருக்குது? லைட்டு எரியுது, மிசின் ஓடுது.

— சார். இக்கட்ட வாங்க. இந்த பிரேக்கரப் பாருங்க. ஆருக்காச்சும் ஷாக் அடிச்சா ஒடனே கரண்டக் கட் பண்ற பிரேக்கரு இது. இதுக்கு வர்ற ஒயரையும் போற ஒயரையும் வெளியவே சேத்து முறுக்கி உட்டிருக்காங்க. இது சும்மா பேருக்கு நிக்குது.

— அது அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு பிட்டர் டைரக்ட் குடுத்துட்டான். மழை வந்தா ஒரு ஷிப்டுக்கு பத்துத் தடவ லைன் நிக்கும். ஏத்துமதி போறதா, இதப் பாக்கறதா?

— ட்ரிப் ஆகுதுன்னா எங்கியோ கரண்டு கசியுதுன்னு அர்த்தமுங்க. வர்ற வழியில பாத்தேன், அயர்ன் டேபிள்ல ஒரு அண்ணன் அட்டைப்பொட்டி மேல நின்னுதான் அயர்ன் போடறாரு.

— கன்னையனா?

— ஆமாங்க. ஏனுங்கண்ணான்னு கேட்டேன். வெறுந்தரையில நின்னா கை விர்ருங்குது கண்ணுன்னாரு. கீழ பூரா ஸ்டீம் தண்ணி. அந்த அட்டை ஒரு நாளைக்கு நனைஞ்சா என்னங்க ஆகும்?

— தெனமும் புது அட்டை குடுக்கச் சொல்றேன்.

— சார்.

— சரி, ஆடிட் முடியட்டும். பிட்டரக் கூப்பிட்டுச் சொல்லலாம். இப்பக் கதவச் சாத்து. இந்த பிரேம் போட்ட தரக் கொள்கைய எடுத்து பேனல் மேல மாட்டு. வாசல்ல கார் சத்தம். தோள நிமித்து. புருவத்துக்கு நடுவால. வாங்க சார், வாங்க, வணக்கமுங்க. பிரயாணமெல்லாம் சவுரியங்களா?

— இருக்கட்டும், இருக்கட்டும். நான் ராஜவேல். ஆடிட்டுக்கு வந்திருக்கேன். இன்னைக்கு இது மூணாவது கம்பெனி, இன்னும் ரெண்டு கெடக்கு. சீக்கிரமாப் பாத்துருவோமா?

— எளநி சொல்லியிருக்கனுங்க. சாருக்குத் திருநெல்வேலிப் பக்கமுங்களா?

— பேச்சுலயே தெரிஞ்சுட்டுதோ. எளநி ரெண்டு குடிச்சாச்சு, வேண்டாம். காப்பகத்துல பொம்மை மட்டும் கெடக்கு, பிள்ளையள எங்க?

— இன்னிக்கு அல்லாக் கொழந்தைகளுக்கும் தடுப்பூசிங்க.

— எல்லாத்துக்குமா? நல்லது, நல்லது. சிலிண்டர் எட்டும் இருக்கு. நாலாம் நம்பருக்குக் கைப்பிடி ஆடுது, இன்னும் மாத்தலியா நீங்க?

— மாத்திர்றோமுங்க சார்.

— சரி, மின்சாரம். இந்தப் பிள்ளதான் இன்ஜினியரா?

— ஆமாங்க சார். என்ற பேரு தரணிங்க. பி.இ. எலக்ட்ரிக்கல்.

— தைரியமாப் பேசுதிய, சந்தோசம். பேனல் எப்படி இருக்கு?

— ஏ ஒன்னுங்க சார். கண்ணாடி மாதிரி வெச்சிருக்குது புள்ள.

— நான் ஒங்களக் கேக்கல சார். அவங்களக் கேக்கேன். சொல்லுங்கம்மா. பாதுகாப்பா இருக்கா, இல்லியா?

— இல்லீங்க சார்.

— தரணி.

— இல்லீங்க. ஷாக் அடிச்சா கட் ஆகற பிரேக்கர பைபாஸ் பண்ணியிருக்காங்க. அயர்ன் செக்சன்ல கசிவு இருக்குது. ஆளுக அட்டை மேல நின்னு வேலை செய்யறாங்க. லைன ரெண்டு மணி நேரம் நிறுத்திட்டு, கசியற அயர்ன் பாக்ஸு எதுன்னு ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாத்தா கண்டுபிடிச்சரலாமுங்க. அதுக்கப்புறம் பிரேக்கரத் திருப்பிக் குடுத்தா அது பாட்டுக்கு ட்ரிப் ஆகாம நிக்கும். நானே பண்ணிருவேன். ஒரு டெஸ்டர் மட்டும் வேணும்.

— தரக் கொள்கையக் கொஞ்சம் தூக்குங்க. ஆமா. சரியாத்தான் சொல்லியிருக்கிய. ஏம்மா, நானும் பதினோரு வருசமா இந்தச் சோலி பாக்கேன். தன் கம்பெனியில தப்பு இருக்குன்னு கேட்ட ஒடனே சொன்ன மொத இன்ஜினியர் நீங்கதான். மனசார சொல்லுதேன்.

— நன்றிங்க சார்.

— கண்ணாடி முன்னாடி நிக்கச் சொன்னனுங்க சார், அதுல கொஞ்சம் அதிகமாயிருச்சுங்க.

— ரிஜிஸ்டரக் குடுங்க. போன மாசம் பிரேக்கர் வேலை செய்கிறது, தரணி. அதுக்கு முந்தின மாசம் வேலை செய்கிறது, தரணி. அட, மூணு வருசமா வேலை செஞ்சிருக்கே. கையெழுத்து நல்லா கம்பீரமா இருக்கு. இது ஒங்க கையெழுத்தாம்மா?

— சார், அது வந்துங்க…

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க போடலைன்னு சொன்னா, ரிஜிஸ்டர் பொய். பொய் ரிஜிஸ்டர்னா மோசடின்னு எழுதணும். அப்படி எழுதிட்டா பையர் அன்னைக்கே ஆர்டர நிறுத்திருவான். இங்க எத்தனை பேரு வேலை பாக்காக?

— நூத்தி நாப்பதுங்க சார். கண்ணு, எனக்கு இன்னும் ஆறு வருசம் சர்வீஸ் இருக்குது கண்ணு.

— நூத்தி நாப்பது பேரு நாளைக்குக் காலையில வீட்டுல இருப்பாக. அயர்ன் போடுதவரும் சேத்துத்தான். போட்டதுன்னு சொன்னியன்னா, இன்ஜினியரோட கவனக்குறைவு. அது சின்னக் குறை. ஒங்க கையெழுத்தாம்மா?

— ஆமாங்க சார்.

— கொஞ்சம் சத்தமா.

— ஆமாங்க. என்ற கையெழுத்துத்தான்.

— மூணு வருசம் பாக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிய. இதுக்கு ஒரே மருந்துதான். பொறுப்பான ஆள மாத்தணும். மாத்திட்டா இப்பவே பாஸ் போட்டுருதேன்.

— மாத்தியாச்சுங்க சார். இந்த நிமிசமே தரணிய வேலைய உட்டு நீக்கியாச்சு. எழுதிக்குங்க.

— சார். பிரேக்கருங்க?

— என்னம்மா?

— அந்த பிரேக்கர எப்பங்க சரி பண்ணுவாங்க? அத எழுதலீங்களே.

— பாரத்துல பிரேக்கருக்குக் கட்டம் இல்லம்மா. இன்ஜினியருக்குத்தான் கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதணுமோ அதத்தான் நான் எழுத முடியும்.

— மோகன்ராஜ் சார், திங்கக்கிழமை காத்தாடி கம்பெனியில இருந்து போன் வந்தா, தரணியப் பத்தி என்ன சொல்லுவீங்க?

— அதான் கண்ணு எனக்கும் ஒண்ணும் புரியல. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டதுக்கு அப்பறம் மாத்திச் சொன்னா பொய்யாயிருமில்ல? பைல்ல இருக்கறதத்தான் சொல்லோணும்.

— மூணு வருசமா கவனக்குறைவுன்னா.

— நான் நல்லது நெனச்சுத்தான் மூணு வருசம் போட்டேன். ஒரு வருசத்தோட நிறுத்தியிருக்கலாம். சர்டிபிகேட்டு வேற டைப் அடிச்சாச்சு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல கண்ணு. நீயும் பேசாம ஏ ஒன்னுன்னு சொல்லியிருந்தீன்னா…

— நீங்கதான சார் தரையப் பாக்காதன்னு சொன்னீங்க.

— அங்க என்ன பேச்சு? எனக்கு நேரமாகுது. பழைய ஆள நீக்கியாச்சு, எழுதிட்டேன். அந்தப் பேரு இனி எங்க ஆடிட் ஏஜென்சியோட கருப்பு லிஸ்ட்டுல அஞ்சு வருசம் கெடக்கும். புது இன்ஜினியர் யாரு?

— இதா, முன்னாலயே நிக்கறாங்களேங்க.

— இவங்களா?

— இவுங்கதானுங்க. இப்பத்தான் சேந்தாங்க.

— சரி. பேரு?

— பேருங்களா? பேரு… ஒரு நிமிசமுங்க, முதலாளிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு…

— முதலாளி எதுக்கு சார் இதுக்குப் போயி. ஏம்மா, போன மாசம் நல்லூர் ஆடிட்டுல எங்க ஆளுக பின்னால நானும் நின்னேன்லா, அங்க தேஜஸ்ரீன்னு பேட்ஜு போட்டு நின்னியளே, அந்தப் பேருல இதுவரைக்கும் ஒரு குறையும் ஏறல, அதையே எழுதிருதேன், என்ன?